எங்கட ஆக்களோ? மற்றமை பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

யாழ்ப்பாணத்தில் ஒரு புதுப் பெயர் காதில் விழுந்தால் வீட்டில் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்று இருக்கு. "அவை எங்கட ஆக்களோ?" கலியாணப் பேச்சு எண்டாலும் சரி, அறை வாடகைக்குக் குடுக்கிறது எண்டாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்த ரீச்சரைப் பற்றிய கதை எண்டாலும் சரி, இந்தக் கேள்வி எப்படியும் வந்து நிக்கும்.

கேள்வி சின்னது. ஆனால் அது எதைக் கேட்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கலியாணப் பேச்சில் அது சாதியைக் கேட்கும். கொழும்பில் பஸ்ஸுக்குள் அது இனத்தைக் கேட்கும். வவுனியாவில் ஒரு கடை வாசலில் அது சமயத்தைக் கேட்கும். சிங்களவருக்கு முன்னால் எல்லாத் தமிழரும் எங்கட ஆக்கள். ஊருக்குள் வந்தவுடன் அந்த வட்டம் சுருங்கி, கோயில் கிணத்தடியில் இன்னும் சுருங்கிவிடும். "எங்கட" எது என்று ஒருவராலும் கீறிக் காட்ட ஏலாது. ஆனால் ஆர் அதுக்கு வெளியே நிக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

இந்த "வெளியே நிற்பவரை" மெய்யியலில் மற்றமை என்கிறார்கள். ஒருவரை அப்படி நிறுத்துவதற்கு மற்றமையாக்கல் என்று பெயர். கம்பஸ் கருத்தரங்குகளிலும் முகநூலிலும் இந்தச் சொற்களை நாங்கள் தாராளமாகப் பாவிக்கிறோம். பெரும்பாலும் அரசு எங்களுக்குச் செய்ததைச் சொல்லத்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது, 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, 1983 யூலையில் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக வந்தார்கள். இவை எல்லாம் உண்மை. இவற்றைச் சொல்லாமல் இந்தத் தீவின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சொல்லை ஒருக்கால் எங்கட பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். நாங்கள் ஆரை மற்றவை ஆக்கினோம்? எப்படி ஆக்கினோம்?

சொற்களுக்குள் கிடப்பது

முதலில் சொற்களில் இருந்து தொடங்குவோம். பண்டைய கிரேக்கர் தங்கள் மொழி பேசாதவர்களை "பார்பரோஸ்" என்றார்கள். மற்றவன் பேசுவது "பர் பர்" என்று கேட்டதால் வந்த பெயர் அது. நாகரிகம் இல்லாதவன் என்ற பொருள் பிறகு ஏறியது. வேடிக்கை என்னவென்றால், எகிப்தியரும் தங்கள் மொழி பேசாத எல்லாரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். எகிப்தியனின் கணக்கில் கிரேக்கன் பார்பரோஸ்.

எங்கட பழைய இலக்கியத்திலும் இது உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் மிலேச்சர் வருகிறார்கள். அவர்கள் வாய் பேசுவதில்லை. உடம்பாலும் கையாலும் சைகை காட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு மொழி இருந்திருக்கும், ஊரில் தாய் தகப்பன் இருந்திருப்பார்கள். பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. எங்கட மொழி தெரியாதவன் மொழியே இல்லாதவனாகப் பதிவாகிவிட்டான்.

தமிழில் இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று "ஏதிலார்". தொடர்பில்லாதவர், அந்நியர் என்பது பொருள். மற்றவரின் குற்றத்தைப் பார்க்கிற கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உலகத்தில் தீங்கு இருக்குமா என்று திருக்குறள் ஓரிடத்தில் கேட்கிறது. அந்த "மற்றவருக்கு" வள்ளுவர் வைத்த சொல் ஏதிலார்தான். இன்றைக்கு அதே வேரில் இருந்து "ஏதிலி" என்று அகதிக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அந்நியனைக் குறித்த சொல், கடைசியில் வீடு வாசல் இழந்து நின்ற எங்களையே குறிக்கத் தொடங்கியது.

மற்றது "அயல்". அயல்நாடு என்றால் வெளிநாடு. அயலான் என்றால் வேற்றாள். ஆனால் எங்கட பேச்சில் "அயலட்டை", "அயலவை" என்றால் பக்கத்து வளவுச் சனம். உப்புக் கடன் வாங்குகிற சனம், செத்த வீட்டுக்கு முதலில் ஓடி வருகிற சனம். வெளியாளுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே சொல். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

ஐரோப்பாவில் ஒரு கருத்து வளர்ந்த கதை

மற்றமை மெய்யியலில் ஒரு பெரிய பிரச்சினையாக எழுவதற்கு ஹேகல் முக்கிய காரணம். 1807இல் வெளிவந்த "ஆவியின் தோற்றப்பாட்டியல்" நூலில் அவர் சொல்வதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: "நான்" என்பதை நான் தனியே இருந்து அறிய முடியாது. இன்னொருவர் என்னை அங்கீகரிக்க வேண்டும். அவருக்கும் அதே தேவை. ஆகவே இரண்டு பேரும் மோதுகிறார்கள். ஒருவர் ஆண்டான் ஆகிறார், மற்றவர் அடிமை ஆகிறார். ஆனால் தான் மதிக்காத ஒருவரிடம் இருந்து கிடைக்கிற மதிப்பு ஆண்டானுக்குப் போதாமல் போகிறது.

1949இல் சிமோன் தி பொவ்வா "இரண்டாம் பாலினம்" நூலில் இதை எடுத்துப் பெண்களின் நிலைக்குப் பொருத்தினார். எந்தக் கூட்டமும் இன்னொரு கூட்டத்தை எதிரில் நிறுத்தாமல் தன்னை "நாங்கள்" என்று சொல்வதில்லை என்றார். கிராமத்துக்காரனுக்கு வெளியூர்க்காரன் எல்லாம் அந்நியன். ஆனால் அவனே வெளியூர் போனால் அங்கே தான்தான் அந்நியன் என்று விளங்கும். அந்தப் பயணம் அவனைத் திருத்தும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இந்தத் திருப்பம் ஏன் நடக்கவில்லை, ஆண் மட்டும் எப்படி எப்போதும் "நான்" ஆகவே இருந்துவிட்டான் என்பதுதான் அவருடைய கேள்வி.

மூன்று வருடம் கழித்து, 1952இல், பிரான்ஸ் ஃபனோன் "கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்" எழுதினார். மார்ட்டினிக் தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை பிடித்தவர். தன்னை ஒரு பிரெஞ்சுக்காரனாகவே நினைத்து வளர்ந்தவர். ஒரு வெள்ளைக் குழந்தை தன்னைக் கண்டு பயந்து தாயிடம் சொல்கிற காட்சியை அவர் அந்த நூலில் எழுதுகிறார். படித்தவர், போர்வீரர், வைத்தியர் எல்லாம் அந்த ஒரு நொடியில் போய், தோல் மட்டும் மிஞ்சுகிறது. 1978இல் எட்வேர்ட் சயீத் இதையே ஒரு முழு நாகரிகத்தின் அளவில் காட்டினார். ஐரோப்பா "கீழைத்தேசம்" என்று எழுதியது பெரும்பாலும் ஐரோப்பா தனக்காகக் கட்டிக்கொண்ட ஒரு படம் என்றார். சயீத் 1935இல் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனர்.

ஒரு பெண், ஒரு கறுப்பர், ஒரு பாலஸ்தீனர். இந்த மூன்று பேரும் மற்றவராக நிறுத்தப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு அதைப் பற்றி எழுதியவர்கள். ஒடுக்கப்பட்ட எல்லாருக்கும் இந்தக் கருத்து உடனே ஒட்டிக்கொள்வதற்கும் அதுதான் காரணம். ஒரு ஆபத்தும் இதில் இருக்கிறது. மற்றமையைப் பற்றிப் பேசுவது என்றால் எனக்கு நடந்ததைப் பற்றிப் பேசுவது மட்டும்தான் என்று ஆகிவிடலாம்.

லெவினாஸ்: முகாமும் வானொலியும்

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று பார்க்க இமானுவல் லெவினாஸின் கதை உதவும்.

1906இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படித்து அந்த நாட்டுக் குடிமகன் ஆனார். 1940இல் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தபோது ஜேர்மனியரிடம் பிடிபட்டார். சீருடைதான் அவரைக் காப்பாற்றியது. போர்க்கைதி என்பதால் கொலை முகாமுக்கு அனுப்பவில்லை. ஆனால் யூதக் கைதிகளைத் தனியே பிரித்துக் காட்டு வேலைக்கு விட்டார்கள். மனைவியும் மகளும் பிரான்சில் ஒளித்து வைக்கப்பட்டுத் தப்பினார்கள். லித்துவேனியாவில் இருந்த தாய், தகப்பன், இரண்டு சகோதரர்கள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள்.

1975இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அந்த முகாமை அவர் நினைவுகூர்ந்தார். வழியில் போன சனம் அவர்களை மனிசராகவே பார்க்கவில்லை. ஆனால் எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய், வேலை முடிந்து அவர்கள் திரும்பும்போதெல்லாம் துள்ளிக் குதித்து வரவேற்றது. பொபி என்று பெயர் வைத்தார்கள். சில கிழமைகளில் காவலாளிகள் அதைத் துரத்திவிட்டார்கள். அந்த நாய்க்கு மட்டும் தாங்கள் சந்தேகமில்லாமல் மனிசராக இருந்தோம் என்கிறார் லெவினாஸ்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் உருவாக்கிய மெய்யியல் ஹேகலின் மோதலைத் தலைகீழாகத் திருப்பியது. 1961இல் வந்த "முழுமையும் முடிவிலியும்" அவருடைய முக்கிய நூல். மேற்கு மெய்யியல் எப்போதும் மற்றவரைத் தன் கருத்துக்குள் அடக்கி, தன்னில் ஒரு பகுதியாக விழுங்கப் பார்த்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு அவர் வைத்த பெயர்தான் முழுமை. ஆனால் மற்றவரின் முகம் அந்த விழுங்கலுக்கு அடங்காது. அவர் ஆர், என்ன சாதி, என்ன சமயம் என்று நான் அறிவதற்கு முதலே அந்த முகம் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிடுகிறது: என்னைக் கொல்லாதே. அறம் தொடங்குவது அங்கேதான் என்றார்.

லெவினாஸும் தவறாதவர் இல்லை. அவருடைய ஆரம்பகால விரிவுரைகளில் பெண்மையை "மற்றது" என்று வைத்ததை பொவ்வா தன் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் பிடித்துக் கேட்டார். பெண்ணுக்கும் ஒரு பிரக்ஞை இருக்கிறது, இது ஓர் ஆண் தன் இடத்தில் இருந்து பார்க்கிற பார்வை என்று.

பெரிய சோதனை 1982இல் வந்தது. செப்டெம்பர் 16 முதல் 18 வரை பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா பகுதிகளில் பாலஸ்தீன அகதிகளை லெபனானின் ஃபலாஞ்சிஸ்ட் ஆயுததாரிகள் கொன்று குவித்தார்கள். அந்தப் பகுதி அப்போது இஸ்ரேலிய இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. பத்து நாளைக்குப் பிறகு பாரிசின் யூத வானொலி ஒன்றில் லெவினாசிடம் நேரடியாகவே கேட்டார்கள்: நீங்கள் மற்றவரைப் பற்றி எழுதிய மெய்யியலாளர், இஸ்ரேலியருக்குப் பாலஸ்தீனர்தானே அந்த மற்றவர்?

நேரடியாகச் செய்யாதவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது என்று அதே உரையாடலில் அவர் சொல்லியிருந்தார். அதை மறைக்கக்கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் சுற்றி வளைத்துப் போனார். நான் சொல்லும் மற்றவர் வேறு, அவர் அயலவர் என்றார். அயலவர் உறவினராகவும் இருக்கலாம் என்றார். ஓர் அயலவர் இன்னோர் அயலவரைத் தாக்கினால் அங்கே எதிரியும் தோன்றலாம், ஆர் சரி ஆர் பிழை என்று பார்க்க வேண்டிவரும் என்றார். முகத்தைக் கண்டவுடனே பொறுப்பு வந்துவிடும், ஆர் எவர் என்று கேட்க இடமில்லை என்று எழுதியவர், முகாமில் நாய் மட்டும் அடையாளம் கண்ட மனிதர், அகதி முகாமின் சடலங்களுக்கு முன்னால் கணக்குக் கேட்டார்.

இதைச் சொல்வது லெவினாஸைத் தூக்கி எறிய இல்லை. மற்றமை பற்றி மிக ஆழமாக யோசித்த ஒருவருக்கே, தன் சனத்தின் பெயரால் நடந்தது என்று வரும்போது நாக்குத் தடுமாறியது. அப்படியென்றால் எங்களுக்கு?

எண்ணும்போது எங்கட, நுழையும்போது மற்ற

லெவினாஸ் தடுமாறினாலும் அவர் தந்த ஒரு கருவி எங்களுக்கு உதவும். மற்றவரை இல்லாமல் ஆக்க இரண்டு வழி உண்டு. வெளியே தள்ளுவது ஒன்று, உள்ளே இழுத்து விழுங்குவது மற்றது. இலங்கைத் தமிழர் வரலாற்றில் இரண்டும் நடந்திருக்கின்றன. சிலவேளை ஒரே ஆக்களுக்கு.

இலங்கையின் முதல் முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. காலனிய அரசு சட்டநிரூபண சபையில் இனவாரியாக ஆட்களை நியமித்துக்கொண்டிருந்த காலம். ஆகவே ஆர் எந்த இனம் என்பது வெறும் ஆராய்ச்சி விசயமாக இருக்கவில்லை, அது ஆசனத்தின் விசயம். தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சபையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1888இல் அதை ஆய்வுக் கட்டுரையாக ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் முன்வைத்தார். அவர்கள் தமிழ் பேசுகிறார்கள், வழக்கங்கள் தமிழருடையவை, ஆகவே அவர்கள் சமயம் மாறிய தமிழர் என்பது வாதத்தின் சாரம்.

மொழியில் நெருக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் இராமநாதன் கேள்வியைச் சோனகரிடம் கேட்கவில்லை. பதில் 1907இல் வந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் ஒரு மறுப்பு நூலையே எழுதினார். எங்கட முன்னோர் அரபு வணிகர், அவர்கள் இங்கே மணம் முடித்தார்கள், பேசும் மொழி மட்டும் இனத்தைத் தீர்மானிக்காது என்றார். முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைக்காமல் தடுக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்றும் சொன்னார். 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டது வேறு கதை. 1915இல் முஸ்லிம்கள் தாக்கப்பட்ட கலவரத்துக்குப் பிறகு, இராணுவச் சட்டத்தின் கீழ் சிறையிடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடியவர் இதே இராமநாதன். காலனிய அரசின் அடக்குமுறையை எதிர்த்தது பிழையில்லை. ஆனால் இருபத்தேழு வருடத்துக்கு முன் "நீங்கள் தமிழர்தான்" என்று ஆய்வு எழுதியவர், அடி வாங்கிய "தமிழருக்காக" அப்படி எழவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடம் நெடுநாள் இருந்தது.

இரண்டாவது காட்சி 1968, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களைத் தடுக்க வாசலில் நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் செல்லப்பா சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்த கணித மேதை, முன்னாள் அமைச்சர். அதைவிட முக்கியம், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர்கள் வாய் திறக்க முதலே கேட்டவர். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்குப் பதிந்தது. தமிழருக்கு விடுதலை கேட்டவரும் தமிழரைக் கோயில் வாசலில் மறித்தவரும் ஒரே ஆள். அவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை என்பதுதான் நாங்கள் யோசிக்க வேண்டியது. தமிழர் தொகையைக் கணக்குக் காட்டும்போது அந்தச் சனமும் எங்கட ஆக்கள். வாசலுக்கு வந்தவுடன் மற்ற ஆக்கள்.

இரண்டு மணித்தியாலம்

மூன்றாவது காட்சியைப் பற்றித்தான் எங்கட வீடுகளில் ஆகக் குறைவாகக் கதைக்கிறோம்.

1990 ஒக்டோபர் மாதத்தின் பிற்பாதியில், ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள், வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, கடைசியாக யாழ்ப்பாண நகரம். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணச் சோனக தெருப் பகுதியில் ஒலிபெருக்கியில் அறிவித்து, சனத்தை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிட வேண்டும் என்றார்கள். நகை, காசு, காணி உறுதி எல்லாம் வழியில் பறிபோயின. சில நூறு ரூபாயோடும் உடுத்த உடுப்போடும் நடந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஆளில்லாத வீடுகளின் கதவு, யன்னல், ஓடு எல்லாம் கழற்றப்பட்டன.

நூறு வருடத்துக்கு முன் "நீங்கள் வேறு இல்லை, தமிழர்தான்" என்று சொன்னோம். இடையில் "தமிழ் பேசும் மக்கள்" என்று சேர்த்துக் கணக்குக் காட்டினோம். 1990இல் "நீங்கள் வேறு, போங்கோ" என்று சொல்லப்பட்டது. மூன்று தடவையும் அவர்கள் ஆர் என்பதை முடிவு செய்தது அவர்கள் இல்லை.

இதைக் கதைக்கத் தொடங்கினால் வருகிற பதில்கள் எங்களுக்குத் தெரியும். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழரைக் கொன்றவைதானே என்பது ஒன்று. 1990இல் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டது உண்மை. அதே ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் தையல் கடை வைத்திருந்தவருக்கும், ஒஸ்மானியாவில் ஏழாம் வகுப்புப் படித்த பிள்ளைக்கும் கிழக்கின் ஊர்காவல் படைக்கும் என்ன தொடர்பு? ஒருவரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய கூட்டத்தைப் பார்த்துத் தண்டனை கொடுப்பதைத்தான் 1983இல் எங்களுக்குச் செய்தார்கள். திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று இராணுவத்தினருக்காகக் கொழும்பில் கடை வைத்திருந்தவரை எரித்தார்கள்.

ஆயுதம் வச்சிருந்தது அவங்கள், சனம் என்ன செய்யிறது என்பது இன்னொரு பதில். இதில் உண்மை இருக்கிறது. அழுதுகொண்டு வழியனுப்பிய தமிழ் அயலவர்களைப் பற்றி வெளியேற்றப்பட்டவர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வாய் திறப்பது உயிரோடு விளையாடுவது. ஆனால் 2009க்குப் பிறகும் ஏன் கதைக்கவில்லை? திரும்பி வந்த குடும்பங்களின் காணியும் வீட்டுத்திட்டமும் இழுபட்டபோது எங்கட குரல் எவ்வளவு கேட்டது?

பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியற் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லா இந்த வெளியேற்றத்தின் இழப்புகளை ஊர் ஊராகத் திரட்டி எழுதினார். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த அவர் 2018இல் காலமானார். அவரும் பிறகு வந்த ஆய்வாளர்களும் காட்டிய ஒரு விசயம் எங்களை உலுக்க வேண்டும். புத்தளத்தில் போய் இறங்கியவர்கள் அங்கேயும் மற்றவர் ஆனார்கள். அதே சமயம், அதே மொழி. ஆனாலும் அந்த ஊர்க்காரருக்கு அவர்கள் "அகதிகள்". அங்கே பிறந்து ஒருக்காலும் யாழ்ப்பாணத்தைக் காணாத பிள்ளைக்கும் அதே பெயர். எங்கட சனம் வன்னியிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் சுமந்த பெயர்தான் அது. இரண்டு அகதிகளும் ஒரே சொல்லைச் சுமந்தார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் அதிகம் விசாரிக்கவில்லை.

இன்றைக்கு

இது பழைய கதை இல்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைக்குப் போகாதேங்கோ என்ற செய்திகள் தமிழிலும் சுற்றின. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் துயரத்தை ஒரு சமூகத்துக்கு எதிரான கோபமாக மாற்றுவது அவ்வளவு சுகமாக இருந்தது. அடுத்த வருடம் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அவர்களின் நம்பிக்கைக்கு மாறாக அரசு எரிக்க வைத்தபோது, அடக்கம் செய்யும் உரிமைக்காகக் குரல் கொடுத்த தமிழர்களும் இருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் புதைக்கக்கூட இல்லாமல் உறவுகளை விட்டு வந்த சனத்துக்கு அந்த வலி விளங்கத்தானே வேணும். சிலருக்கு விளங்கியது. வேறு சிலர் "அவைக்கும் வேணும்" என்றார்கள். இரண்டையும் நான் ஒரே வீட்டில் கேட்டிருக்கிறேன்.

மற்றவர் ஆக்கப்பட்ட அனுபவம் ஒருவரைத் தானாகவே நல்லவர் ஆக்கிவிடாது. லெவினாஸுக்கே அது போதவில்லை. பொவ்வா சொன்ன கிராமத்துக்காரன் வெளியூர் போய்த் தான் அந்நியன் ஆன பிறகு திருந்துவான் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அவன் திரும்பி வந்து தன் ஊரில் நிற்கிற வேற்றாளைப் பார்க்கும்போது அந்தப் பயணத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஞாபகம் தானாக வராது.

ஞாபகப்படுத்துவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. வீட்டில் ஐம்பது, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆராவது இருப்பார்கள். அப்பாவோ, மாமியோ, பக்கத்து வளவு அன்ரியோ. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கேக்க சும்மா கேட்டுப் பாருங்கோ. "1990 ஒக்டோபர் 30 அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான். அண்டைக்கு என்ன கண்டவை, ஆரைத் தெரியும், அவையள் பிறகு எங்க போனவை எண்டு கேளுங்கோ. சிலர் கதையை மாத்துவினம். சிலர் கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு பெயரைச் சொல்லுவினம். தைச்சுத் தந்த ஒருவரின் பெயர், கூடப் படிச்ச ஒருத்தியின் பெயர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் "எங்கட ஆக்களோ?" எண்டு உங்களுக்குள் ஒரு கேள்வி எழும்பும். எழும்பட்டும். பிறகு, அவர் எந்த ஒழுங்கையில் இருந்தவர் எண்டு கேளுங்கோ. பெரும்பாலும் கிட்டத்தான் இருந்திருப்பார். அயலட்டை.